வாங்கும் கணினியா, பூட்டும் கணினியா? – சிமியுலேஷன் விளையாட்டுகளை முன்னிறுத்தி ஒரு நோக்கு

'கணினி விளையாட்டு' என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோரின் முகம் மாறுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பரீட்சை, கண் பார்வை, வீணாகும் நேரம் என்று அறிவுரைகள் வரிசையாக வந்து சேரும். அவற்றில் உண்மையும் உண்டு. ஆயினும் கணினி விளையாட்டுகள் எல்லாம் ஓரினத்தைச் சேர்ந்தவை அல்ல. சுட்டு வீழ்த்தும் விளையாட்டு ஒருவகை. உலகில் உள்ள ஒன்றை அதன் விதிகளோடு போலச் செய்து காட்டும் விளையாட்டு வேறொருவகை. விமானம் ஓட்டுதல், நகரம் அமைத்தல், பாரவூர்தி செலுத்துதல், பயிர் செய்தல் ஆகியன இரண்டாம் வகையில் அடங்கும். இவற்றையே சிமியுலேஷன் விளையாட்டுகள் என்கிறோம்.

இவ்வினத்தின் வரலாறு கணினியை விடப் பழையது. அமெரிக்காவைச் சேர்ந்த எட்வின் லிங்க் என்பவர் 1929 இல் நிலத்தில் நின்றபடியே விமானம் போல ஆடியசையும் பயிற்சிப் பெட்டி ஒன்றை உருவாக்கினார். அவருடைய தந்தை பியானோ, ஓர்கன் ஆகிய இசைக்கருவிகள் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். ஓர்கனில் காற்றை ஊதும் துருத்திகளையும் பம்பிகளையும் கொண்டே லிங்க் தம் பெட்டியை அமைத்தார். முதலில் அதைக் களியாட்டப் பூங்காக்களே விளையாட்டுப் பொருளாக வாங்கின. 1934 இல் அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் சுமந்து மோசமான வானிலையில் பறந்து பலர் உயிரிழந்த பின்னர், அவ்விராணுவம் அதே பெட்டிகளில் ஆறினைப் பயிற்சிக்காக வாங்கியது. விளையாட்டாகக் கருதப்பட்ட ஒன்று உயிர் காக்கும் கல்வியாக மாறிய கதை இது.

பின்னர் 1982 இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் 'பிளைட் சிமியுலேட்டர்' வெளிவந்தது. 1989 இல் வில் ரைட் உருவாக்கிய 'சிம்சிட்டி' நகரம் அமைக்கும் விளையாட்டை உலகுக்கு அறிமுகஞ் செய்தது. 2012 இல் 'யூரோ டிரக் சிமியுலேட்டர் 2', 2015 இல் 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்', 2020 இல் புதிய 'பிளைட் சிமியுலேட்டர்' என வரிசை நீள்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல இவை கணினியிடம் கேட்கும் வலுவும் கூடிக்கொண்டே வந்துள்ளது.

இனி நான் இவ்விடயத்தை ஆராயத் தொடங்கிய காரணத்தைச் சொல்கிறேன்.

வீட்டிற்கு ஒரு கணினி

எங்கள் வீட்டில் கணினி ஒன்று வாங்குவதற்கென வாப்பா சிறிது சிறிதாகச் சேர்த்து வைத்த தொகை கடந்த ஆண்டு ஓரளவுக்குத் திரண்டது. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் கற்கும் எனக்குச் செயற்றிட்ட வேலைகள் உண்டு. தையல் வேலை செய்யும் உம்மாவுக்குக் கணக்கு எழுத வேண்டும். ஒன்பதாந் தரத்தில் படிக்கும் தம்பிக்கோ விமானி ஆகும் கனவு. அவன் பறக்க வேண்டும். எனக்கும் ஒரு நகரத்தை அமைத்துப் பார்க்கும் ஆசை இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. இத்தனைக்கும் ஒரே கணினிதான். இன்னொன்று வாங்கப் பல ஆண்டுகள் செல்லும்.

"ஆயத்தமா ஒன்ட வாங்கிட்டா நமக்குத் தலையிடி இல்ல" என்றார் வாப்பா.

"ராத்தா, சாமான வாங்கி நாமளே பூட்டுவமே!" என்றான் தம்பி.

இருவருக்கும் இடையில் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. பாடசாலை விடுமுறை முழுவதும் கடைகளின் விலைப்பட்டியல்களைத் திரட்டினேன். எமது தகவல் தொழினுட்ப ஆசிரியையிடம் ஐயங்களைக் கேட்டேன். விளையாட்டுகளைத் தயாரித்தவர்கள் வெளியிட்ட தேவைப் பட்டியல்களை ஒப்பிட்டேன். அதில் நான் அறிந்தவற்றையே இங்கு என் தோழியருக்காகத் தொகுத்துத் தருகிறேன்.

சிமியுலேஷன் விளையாட்டு கணினியிடம் கேட்பது என்ன?

கணினியை யார் பூட்டுவது என்று கேட்பதற்கு முன், அக்கணினி என்ன வேலை செய்யப் போகிறது என்று கேட்க வேண்டும். பலரும் இந்தக் கேள்வியைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள்.

திரையில் நாம் காணும் அசைவு உண்மையில் அடுத்தடுத்து வரும் படங்களே. ஒரு செக்கனில் 60 படங்கள் வரவேண்டுமானால், ஒவ்வொரு படத்திற்கும் கணினிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன்தான். 30 படங்கள் போதும் என்றால் 33.3 மில்லிசெக்கன் கிடைக்கும். இந்தச் சிறு நேரத்துக்குள் இரண்டு வேலைகள் முடிய வேண்டும். முதலாவது, உலகம் இப்போது எப்படி இருக்கிறது எனக் கணித்தல். இது மத்திய முறைவழி அலகின், அதாவது கடைகளில் நாம் புரொசசர் என்று கேட்டு வாங்குவதன் வேலை. இரண்டாவது, கணித்ததைப் படமாக வரைதல். இது கிரபிக்ஸ் காட்டின் வேலை.

சுடும் விளையாட்டுகளிற் பலவற்றில் வரையும் வேலையே பெரிது. சிமியுலேஷனில் கணிக்கும் வேலையும் மிகப் பெரிதாகிவிடுகிறது. 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' விளையாட்டில் ஒரே நேரத்தில் நடமாடக்கூடிய மனிதர்களின் உச்ச எண்ணிக்கை 65,536, வாகனங்களின் உச்ச எண்ணிக்கை 16,384. துவித எண்களைக் கற்றவர்கள் இவை இரண்டின் 16 ஆம், 14 ஆம் அடுக்குகள் என்பதை உடனே கண்டுகொள்வார்கள். ஒவ்வொரு வாகனமும் தன் வழியைத் தேட வேண்டும். நகரம் வளர வளர விளையாட்டு மந்தமாவதற்குப் பெரும்பாலும் புரொசசரே காரணமாகிறது. அந்நிலையில் விலையுயர்ந்த கிரபிக்ஸ் காட்டைப் பொருத்தினாலும் பயன் சொற்பமே.

அப்படியானால் அதிகக் கருக்கள் கொண்ட புரொசசரை வாங்கினால் போதுமா? இங்கும் அவதானம் தேவை. ஒரு கல்யாண வீட்டில் நூறு சஹனுக்குச் சோறாக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெங்காயம் உரிக்கப் பத்துப் பேர் வந்தால் அவ்வேலை விரைவில் முடியும். ஆனால் தம் போட்ட சட்டி வேகும் நேரத்தைப் பத்துப் பேர் சுற்றி நின்றாலும் குறைக்க முடியாது. இதையே ஜீன் அம்டால் என்ற கணினி அறிஞர் 1967 இல் விதியாக எடுத்துரைத்தார். ஒரு வேலையில் பாதி பங்கிட முடியாததாக இருந்தால், எத்தனை கருக்களைச் சேர்த்தாலும் மொத்த வேகம் இரண்டு மடங்கைத் தாண்டாது. சிமியுலேஷனில் பங்கிட முடியாத பகுதி கணிசமானது. ஆகவே பதினாறு கருக்கள் என்ற விளம்பரத்தை விட, ஒரு கரு எவ்வளவு விரைவாக இயங்குகிறது என்பதே இங்கு பெறுமதியானது.

பதுக்கு நினைவகத்திற்கும் இதில் பெரிய பங்குண்டு. 2022 ஏப்ரலில் ஏ.எம்.டி. நிறுவனம் 'ரைசன் 7 5800எக்ஸ்3டி' என்ற புரொசசரை வெளியிட்டது. அதன் கடிகார வேகம் அதற்கு முந்திய 5800எக்ஸ் இனை விடச் சற்றுக் குறைவு. ஆனால் மூன்றாம் மட்டப் பதுக்கு நினைவகம் 32 மெகாபைட்டிலிருந்து 96 மெகாபைட்டாக உயர்த்தப்பட்டிருந்தது. விமான சிமியுலேஷனில் அது தன் மூத்ததைத் தெளிவாக முந்தியது. அடிக்கடி வேண்டிய பொருளைக் கடைக்குப் போய் எடுப்பதற்கும் குசினி அலுமாரியிலிருந்து எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

அடுத்தது ரெம் என்று நாம் அழைக்கும் நினைவகம். 2020 இன் 'பிளைட் சிமியுலேட்டர்' குறைந்தபட்சம் 8 ஜிகாபைட், பரிந்துரையாக 16, உச்ச நிலைக்கு 32 எனக் கேட்டது. களஞ்சிய இடமோ 150 ஜிகாபைட். 2024 இல் வந்த அதன் அடுத்த பதிப்பில் குறைந்தபட்சமே 16 ஆகிவிட்டது. நான்கு ஆண்டுகளில் தேவை இருமடங்கானதைக் கவனியுங்கள். இன்று வாங்கும் கணினியில் நாளை ரெம் சேர்க்க இடம் இருக்கிறதா என்ற கேள்வி இங்குதான் பிறக்கிறது.

ஆயத்தக் கணினியின் நன்மையும் குறையும்

நம் நாட்டில் ஆயத்தக் கணினி என்றால் மூன்று வகை. பெரிய நிறுவனங்கள் பெட்டியிலிட்டு அனுப்பும் புதியவை முதல்வகை. வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்தபின் இறக்குமதியாகும் பழையவை இரண்டாம் வகை. கடைக்காரரே உதிரிப்பாகங்களைப் பூட்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வண்ண விளக்கு எரிய வைத்து விற்பவை மூன்றாம் வகை.

முதல்வகையின் பெரிய நன்மை நிம்மதி. முழுக் கணினிக்கும் ஒரே உத்தரவாதம், ஒரே முகவரி. விண்டோஸ் இயங்குதளமும் பெரும்பாலும் உரிமத்தோடு சேர்ந்தே வரும். வீட்டில் கணினி பற்றி அறிந்தவர் எவருமில்லை என்றால் இது சிறிய விடயமன்று. ஆனால் இவற்றுட் சிலவற்றில் தாய்ப்பலகையும் பவர் சப்ளையும் அந்நிறுவனத்திற்கே உரிய வடிவில் இருக்கும். பழுதானால் சந்தையில் கிடைக்கும் வேறொன்றைப் பொருத்த முடியாது.

இரண்டாம் வகையே விலை குறைந்தது. கணக்கெழுதவும் பாடம் படிக்கவும் தாராளமாகப் போதும். விளையாட்டு என்று வரும்போதுதான் சிக்கல். அலுவலக வேலைக்கென அமைந்த இவற்றின் பவர் சப்ளை சிறியது. கிரபிக்ஸ் காட் பொருத்தும் துளைவழி வழங்கப்படும் மின்வலு அதிகபட்சம் 75 வாற்றுதான். அதற்கு மேல் வேண்டிய காட்டுகளுக்குத் தனி வயர் தேவை; அவ்வயரோ இவற்றிற் பலவற்றில் இல்லை. ஒடுங்கிய பெட்டியானால் உயரங் குறைந்த காட் மட்டுமே உள்ளே நுழையும்.

மூன்றாம் வகை பார்வைக்கு அழகானது. ஆனால் வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே பணம் செலவிடப்பட்டிருக்க வாய்ப்புண்டு. விளம்பரத் தாளில் கிரபிக்ஸ் காட்டின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். பவர் சப்ளையின் பெயர் இருக்காது. 16 ஜிகாபைட் ரெம் என்றிருக்கும்; அது ஒரே துண்டா, எட்டும் எட்டுமாக இரண்டு துண்டுகளா என்றிருக்காது. இரண்டு துண்டுகள் போட்டால் புரொசசர் இரு பாதைகளால் தரவுகளைப் பெறும். ஒரே துண்டென்றால் ஒரு பாதைதான். சிமியுலேஷனில் இவ்வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். எல்லாக் கடைகளும் இப்படியல்ல. கேட்டவுடன் ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் எழுதித் தந்த கடைகளையும் நான் கண்டேன். கேட்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

நாமே பூட்டுவதன் நன்மையும் குறையும்

நாமே பூட்டினால் பணம் நம் தேவைக்கேற்பப் பங்கிடப்படும். மேலும், இன்று இயலாததை நாளைக்குத் தள்ளிவைக்கலாம். இது எம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களுக்குப் பெரிய வசதி. ஏ.எம்.டி. யின் ஏ.எம்.4 என்னும் பொருத்தி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2017 இல் முதலாவது ரைசன் புரொசசருக்காக வாங்கிய தாய்ப்பலகைகள் பலவற்றில், உள்ளிருக்கும் பயோஸ் மென்பொருளைப் புதுப்பித்தபின் 2022 இல் வந்த 5800எக்ஸ்3டி யையும் பொருத்த முடிந்தது. ஐந்தாண்டுப் பழைய கணினி ஒரேயொரு பாகத்தை மாற்றியதால் புதுவலுப் பெற்றது.

குறைகளையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று பார்ப்பது நம் பொறுப்பு. ஒவ்வொரு பாகத்துக்கும் உத்தரவாதக் காலம் வேறு வேறு. பற்றுச்சீட்டுகளை நாமே பாதுகாக்க வேண்டும். கணினி எழும்பாவிட்டால் எந்தப் பாகத்தில் குறை என்று கண்டறிவதும் நம் தலையில்தான். இயங்குதளத்தின் விலையையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். திருட்டுப் பிரதியை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு "பூட்டினால் மலிவு" என்பது முறையான ஒப்பீடாகாது. இலவசமான லினக்ஸ் இயங்குதளத்தையும் பாவிக்கலாம். 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' முதற் பதிப்பு, 'யூரோ டிரக் சிமியுலேட்டர் 2', 'எக்ஸ்-பிளேன்' ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்புகள் உள்ளன. 1997 முதல் வெளிவரும் 'பிளைட்கியர்' என்ற விமான சிமியுலேட்டரோ முற்றிலும் இலவசம், திறந்த மூலமும்கூட.

நம் நாட்டுச் சூழல்

வெளிநாட்டவர் எழுதும் அறிவுரைகளில் காணக் கிடைக்காத சில விடயங்களை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. அந்நிலை இன்றில்லை. எனினும் இடி மழைக் காலத்தில் மின்சாரம் திடீரெனப் போவதும் வருவதும் எங்கள் ஊரில் வழமையே. ஆகவே தரமான பவர் சப்ளையும், வேலையைச் சேமித்துக் கணினியை முறையாக அணைக்கச் சில நிமிடங்கள் தரும் யூ.பி.எஸ். உம் ஆடம்பரமல்ல. நான் எழுதிய பட்டியலில் இவ்விரண்டையும் கிரபிக்ஸ் காட்டுக்கு முன்னே வைத்தேன்.

இரண்டாவது வெப்பம். புரொசசர்கள் பொதுவாக 90 முதல் 100 பாகை செல்சியசை எட்டும்போது தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். குளிர்நாட்டில் 20 பாகை அறையிலே சோதித்த கணினி, நம் 32 பாகை அறையில் அதே பெறுபேற்றைத் தராது. சிமியுலேஷன் விளையாட்டு பத்து நிமிடத்தில் முடிவதுமன்று. முன்புறம் முழுக்கக் கண்ணாடியால் மூடிய பெட்டியை விட, காற்றுப் புக வலை வைத்த பெட்டியே நமக்கேற்றது. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் தூசும் வேறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது திறந்து துப்புரவாக்க வேண்டும்.

மூன்றாவது தூரம். எங்கள் கிழக்குக் கரையோர ஊரிலிருந்து கொழும்பு பம்பலப்பிட்டியிலுள்ள கணினிக் கடைகளுக்குச் செல்ல ஓர் இரவு பஸ் பயணம் வேண்டும். முழுக் கணினிக்கும் ஒரே உத்தரவாதம் என்பது கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் பழுதானால் முழுப் பெட்டியையும் சுமந்து செல்ல வேண்டும். நாமே பூட்டியதென்றால், பழுதான ரெம் துண்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போகலாம். அல்லது தபாலில் அனுப்பலாம். கொழும்பிலே இருப்பவருக்கு இக்காரணம் பொருந்தாது. அவருக்கு ஒரே முகவரிதான் வசதி.

இரு வீடுகள், இரு முடிவுகள்

இவ்வளவையும் எடுத்துச் சொன்ன பின்னர் எங்கள் வீட்டில் நாமே பூட்டுவதென்று முடிவானது. எங்கள் தொகைக்கு நல்ல புரொசசரும் நல்ல கிரபிக்ஸ் காட்டும் ஒருசேரக் கிட்டாது. எனவே படம் வரையும் பகுதியைத் தன்னுள்ளே கொண்ட ஆறு கருப் புரொசசர், எட்டும் எட்டுமாக 16 ஜிகாபைட் ரெம், மேலும் இரு துண்டுகளுக்கு இடமுள்ள தாய்ப்பலகை, ஒரு டெராபைட் எஸ்.எஸ்.டி., 550 வாற்று பவர் சப்ளை, வலை முகப்புள்ள பெட்டி, யூ.பி.எஸ். என்று பட்டியலிட்டேன். கிரபிக்ஸ் காட்டுக்குரிய துளை இப்போதைக்கு வெறுமையாக இருக்கிறது. அதற்கு வேண்டிய வயர் பவர் சப்ளையில் காத்திருக்கிறது. அதுவரை தம்பி பிளைட்கியரில் பறக்கிறான். புதிய பிளைட் சிமியுலேட்டருக்கு அவன் இன்னும் ஓராண்டு பொறுக்க வேண்டும். முதலில் முகம் சுருங்கினான். அந்தக் காட்டை அவனே தெரிவு செய்யலாம் என்றதும் விலைப்பட்டியலும் கையுமாக அலைகிறான்.

அதே மாதம் எங்கள் சாச்சியும் தம் மகனுக்குக் கணினி தேடினார். சாச்சப்பா கட்டாரில் தொழில் புரிகிறார். மகன் சிறியவன், பாரவூர்தி ஓட்டும் விளையாட்டு ஒன்றே அவனுக்குப் போதும். அதற்குப் பெரிய வலு வேண்டியதில்லை. பழுதென்றால் திறந்து பார்க்க அங்கு எவருமில்லை. ஆகவே ஆயத்தக் கணினியையே வாங்கச் சொன்னேன். ஆனால் கடையில் பக்கக் கதவைத் திறந்து காட்டச் சொல்லி, பாகங்களின் பெயரையெல்லாம் பற்றுச்சீட்டின் பின்புறம் எழுதுவித்து, ரெம் ஒரே துண்டாக இருந்ததைக் கண்டு இரண்டாவது துண்டையும் சேர்த்துத் தருமாறு பேசி வாங்கிக் கொடுத்தேன். அவர்களுக்கு அதுவே சரியான முடிவு.

இவ்விரு வீடுகளிலிருந்தும் நான் கண்ட உண்மை இதுதான்: கணினியை எவர் பூட்டுகிறார் என்பது இரண்டாவது கேள்வி. அதற்குள் என்ன இருக்க வேண்டும் என்ற பட்டியலை எவர் எழுதுகிறார் என்பதே முதலாவது கேள்வி. அந்தப் பட்டியலைப் பிறர் கையில் விட்டுவிட்டால், கடைக்காரர் பூட்டினாலும் நாமே பூட்டினாலும் பிறருடைய தேவைக்கான கணினியே நமக்குக் கிடைக்கும்.

நம் கைக்கும் இது வரும்

பூட்டும் வேலை பற்றியும் சில சொற்கள் சொல்ல வேண்டும். "இதெல்லாம் ஆம்பிளப் புள்ளயள்ற வேல" என்று உறவினர் ஒருவர் சொன்னார். உம்மா தையல் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தி, "கழட்டிப் பூட்டத் தெரியாத மெஷின் ஊட்டுக்குள்ள இருந்தாலும் அது நம்மட மெஷின் இல்ல" என்றார். இருபது வருடமாகத் தம் மெஷினைத் தாமே கழற்றி எண்ணெயிடுபவர் அவர். பொபின் பெட்டியின் சிறு திருகாணியைக் கழற்றி மாட்டும் கைக்கு, தாய்ப்பலகையின் திருகாணி பெரியதுதான்.

வேண்டிய ஆயுதம் சிலுவைத் தலை ஸ்குரூ டிரைவர் ஒன்றே. முதலில் உலோகப் பெட்டியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை இறக்க வேண்டும். புரொசசரின் மூலையிலுள்ள முக்கோணக் குறியைப் பொருத்தியின் குறியோடு சேர்த்து வைத்தால் அது தானாகவே அமரும், அழுத்தவே கூடாது. ரெம் துண்டையோ 'டிக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும். புரொசசரின் மேல் வெப்பப் பசை ஒரு பட்டாணி அளவு போதும். பெட்டிக்குள் தாய்ப்பலகையைத் தாங்கும் சிறு பித்தளைத் தூண்கள் சரியான இடங்களில் உள்ளனவா என்று இருமுறை பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் பெட்டிக்குள் பூட்டுவதற்கு முன், தாய்ப்பலகையை அதன் காகித அட்டைப் பெட்டி மேல் வைத்தே ஒருமுறை இயக்கிப் பார்ப்பது நல்லது. குறையிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். நானும் தம்பியும் லுஹருக்குப் பின் தொடங்கி மஃரிபுக்கு முன் முடித்தோம்.

கடைக்குப் போகுமுன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டிலும் இப்படியொரு தொகை சேர்ந்து, இதே கேள்வி எழக்கூடும். அப்போது ஒரு தாளை எடுத்து இவ்வைந்துக்கும் விடை எழுதுங்கள்.

1. எந்த விளையாட்டு? பெயரை எழுதுங்கள். அதைத் தயாரித்தவர்கள் வெளியிட்ட தேவைப் பட்டியலில் குறைந்தபட்சத்தைப் பாராமல் பரிந்துரையைப் பாருங்கள்.

2. அவ்விளையாட்டு அதிகம் கணிப்பதா, அதிகம் வரைவதா? நகரம் அமைப்பது கணிக்கும். விமானம் இரண்டையும் செய்யும். உங்கள் பணமும் அவ்வாறே பிரியட்டும்.

3. பழுதானால் திறந்து பார்ப்பவர் யார்? "நான்" என்று எழுத முடிந்தால் பூட்டலாம். எவருமில்லை என்றால் ஆயத்தக் கணினியே மேல்.

4. உத்தரவாதம் தரும் கடை எவ்வளவு தூரம்? எதைச் சுமந்து செல்ல வேண்டியிருக்கும்?

5. மூன்றாண்டின் பின் எதைச் சேர்க்கலாம்? ரெம் துளை, கிரபிக்ஸ் காட் துளை, பவர் சப்ளையின் மேலதிக வலு ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இவ்விடைகளோடு கடைக்குச் செல்பவளை வண்ண விளக்குகள் எளிதில் மயக்கிவிட முடியாது. பாகங்களின் பெயர்களை முதலில் ஒரு தாளில் எழுதிப் பழகுங்கள். ஐயம் வந்தால் உங்கள் தகவல் தொழினுட்ப ஆசிரியையிடம் கேளுங்கள்; என்னிடம் கேட்டாலும் மகிழ்ச்சியோடு சொல்வேன். பாடசாலைக் கணினிக் கூடத்தில் பழுதாகி ஒதுக்கப்பட்ட கணினி ஏதேனும் இருந்தால், ஆசிரியையின் அனுமதியோடு அதைத் திறந்து ஒவ்வொரு பாகத்தையும் அடையாளங் காணுங்கள். பணம் எதுவும் செலவாகாத அந்த ஒரு மணித்தியாலம், பின்னர் வீட்டில் பெருந்தொகை செலவாகும் நாளில் உங்களுக்குக் கைகொடுக்கும்.